இடுப்பில் குழந்தை, கையில் பெட்டி

கைக்குழந்தையோடு விமானத்தில் போவது பற்றிப் போன இதழில் இரண்டே இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆறு வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்தவள் நான், இரண்டு பிள்ளைகளையும் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு சென்னைக்கும் ஃபிராங்ஃபர்ட்டுக்கும் பறந்திருக்கிறேன், பல முறை தனியாக. அந்த அனுபவத்திலும், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதிலும் இருந்துதான் பதில் சொல்கிறேன். எல்லாக் கேள்விக்கும் இடமில்லை, ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: என் கணவர் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறார். 11 மாத மகனோடு நான் முதல் முறையாக விமானம் ஏறப்போகிறேன், அதுவும் தனியாக. மதுரையிலிருந்து ரயிலில் சென்னை, அங்கிருந்து ஃபிராங்ஃபர்ட். அதை எடு, இதை எடு என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் தருகிறார்கள். எதை எடுத்துப் போவது, எதை விடுவது? (வாசகி, மதுரை)

பட்டியல் தந்தவர்கள் எல்லாரும் உங்களுக்கு இரண்டு கை இருப்பதாக நினைத்துத் தந்திருப்பார்கள். மதுரை வீட்டு வாசலில் கால் வைப்பதிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டில் உங்கள் கணவர் குழந்தையை வாங்கும் வரை கிட்டத்தட்ட ஒரு முழு நாள், அந்த நாள் முழுக்க ஒரு கை பையனுடையது. மீதி ஒரு கையும் முதுகும்தான் உங்களுக்கு. அவற்றால் தூக்க முடிந்தது மட்டும் உங்களோடு வரட்டும், மற்ற எல்லாம் செக்-இன் பெட்டியில் போகட்டும்.

அதனால் சக்கரம் வைத்த கேபின் பெட்டி வேண்டாம். முதல் முறை நான் அதைத்தான் செய்தேன்: ஒரு டிராலி, தோளில் லேப்டாப், இன்னொரு தோளில் டயப்பர் பை, இடுப்பில் 7 மாதக் குழந்தை. செக்யூரிட்டியில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக டிரேயில் வைக்கச் சொன்னபோது பால் பவுடர் டப்பா கீழே விழுந்து மூடி திறந்துகொண்டது. பின்னால் நின்றவர்கள் உதவத்தான் வந்தார்கள், எனக்குத்தான் அழுகை வந்தது. முதுகில் மாட்டுகிற பை ஒன்றே ஒன்று, கழுத்தில் குறுக்காகப் போடுகிற சின்னப் பை ஒன்று, அவ்வளவுதான். சின்னப் பையில் பாஸ்போர்ட்டுகள், போர்டிங் பாஸ், போன், பேனா, கொஞ்சம் யூரோ. நீங்கள் தூங்கும்போதும் அது கழுத்திலேயே இருக்கட்டும்.

முதுகுப் பைக்குள் என்ன? டயப்பரை விமான நேரத்துக்கு மட்டும் கணக்குப் போடாதீர்கள், வீட்டு வாசலில் இருந்து கணக்குப் போடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அதற்கு மேல் நான்கைந்து. விமானம் தாமதமானால் அந்த நான்கைந்துதான் காப்பாற்றும். குழந்தைக்கு இரண்டு மூன்று செட் துணி எடுப்பதை யாரும் மறப்பதில்லை, தனக்கு ஒரு மாற்று டாப் எடுப்பதைத்தான் எல்லாரும் மறக்கிறோம். குழந்தை வாந்தி எடுத்தால் அது விழப்போவது உங்கள் மேல்தான், பத்து மணி நேரம் அந்த வாடையோடு உட்கார முடியாது. ஒவ்வொரு செட்டையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டுவிடுங்கள், அழுக்கானது அதே கவருக்குள் திரும்பப் போய்விடும். அப்புறம் ஒரு பழைய காட்டன் புடவை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது, பாதியாகக் கிழித்தது. போர்த்தலாம், விரிக்கலாம், மறைத்துக்கொண்டு பால் கொடுக்கலாம், தோளில் தூளி மாதிரி கட்டிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் விட அதில் வீட்டு வாசனை இருக்கும், புது இடத்தில் குழந்தைக்கு அது பெரிய ஆறுதல்.

சாப்பாட்டுக்கு வருவோம். கையில் கொண்டுபோகும் பையில் தண்ணீர், ஜெல், களிம்பு எல்லாம் 100 மில்லிக்குள்தான் என்ற விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் மருந்துக்கும் அதில் விலக்கு உண்டு, பயணத்துக்குத் தேவையான அளவு எடுக்கலாம். பரிசோதிக்கும்போது தனியாக எடுத்துக் காட்ட வேண்டும், சில சமயம் திறக்கச் சொல்வார்கள், கொஞ்சம் குடித்துக் காட்டவும் சொல்லலாம், அதற்காகக் கோபப்படாதீர்கள். பவுடர் பால் என்றால் ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று அளந்து பிரித்து வையுங்கள். சுடுதண்ணீர் விமானத்தில் கேட்டால் தருவார்கள், ஆனால் கொதிக்கக் கொதிக்க வரும், ஆறுவதற்குள் குழந்தை ஊரைக் கூட்டிவிடும், அதனால் பசிக்கும் முன்பே கேளுங்கள். 11 மாதப் பிள்ளைக்கு இட்லியை விட நல்ல பயணச் சாப்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. நெய் தடவி டிபன் பாக்ஸில் நாலு இட்லி, சிந்தினாலும் கறை ஆகாது. மிச்சத்தை இறங்கும் முன்பே முடித்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது, பெட்டியில் வைக்கும் வீட்டு நெய்யும் இதில் சேரும். குழந்தைகளுக்கான பவுடர் பாலும், கடையில் பாக்கெட்டில் விற்கும் குழந்தை உணவும் குளிர்பதனம் தேவைப்படாததாக இருந்தால் 2 கிலோ வரை அனுமதி உண்டு.

பாசினெட் பற்றியும் கேட்க நினைத்திருப்பீர்கள். நீண்ட தூர விமானங்களில் முன் தடுப்புச் சுவரில் மாட்டித் தரும் சின்னத் தொட்டில் அது. எண்ணிக்கை மிகக் குறைவு, டிக்கெட் போட்ட அன்றே கேட்டு வையுங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் எடை வரம்பு 10, 11 கிலோவை ஒட்டித்தான் இருக்கிறது, நீளத்துக்கும் வரம்பு உண்டு. உங்கள் மகனுக்கு 11 மாதம் என்பதால் கிளம்பும் வாரத்தில் எடையும் உயரமும் பார்த்துக்கொள்ளுங்கள். தூளியில் ஆடித் தூங்கிய பிள்ளை அதில் உடனே தூங்கிவிடும் என்று நம்பிவிடாதீர்கள், என் மகள் ஒரு முறை கூடத் தூங்கவில்லை, ஆனால் நான் சாப்பிடும் இருபது நிமிடம் அவளைப் படுக்கவைத்து விளையாட அது உதவியது. ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் குலுங்கும்போதும் குழந்தை உங்கள் மடியில் இருக்க வேண்டும். உங்கள் பெல்ட்டில் கோத்துப் போடுகிற சின்ன பெல்ட் ஒன்றை விமானப் பணிப்பெண் தருவார். இன்னொன்று, அந்த முன் வரிசையில் கால் பக்கம் பை வைக்க இடம் கிடையாது, ஏறும்போதும் இறங்கும்போதும் பை மேலே போய்விடும். அதனால் ஒரு டயப்பர், வைப்ஸ், ஒரு வேளைப் பால், ஒரு பொம்மை நான்கையும் ஒரு துணிப்பையில் தனியாக வைத்து உங்கள் பக்கத்தில் செருகிக்கொள்ளுங்கள்.

மடியில் வைத்துப் போகும் குழந்தைக்கு செக்-இன் பெட்டி உண்டா இல்லையா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், டிக்கெட்டில் இன்ஃபன்ட் என்று இருக்கும் வரியைப் பாருங்கள். பெட்டியில் மூன்று மாத டயப்பரை அடைக்காதீர்கள். அங்கே டி.எம்., ராஸ்மன் என்று தெருவுக்குத் தெரு கடை இருக்கிறது, டயப்பரும் குழந்தை உணவும் நல்ல தரத்தில் கிடைக்கும். அங்கே தேடினாலும் கிடைக்காதவற்றைக் கொண்டுபோங்கள்: தூளிக்கு இன்னும் இரண்டு புடவை, பாலாடை, இட்லித் தட்டு, கையில்லாத காட்டன் ஜபலா. ஜெர்மனியில் 12 வயதுக்கும் 150 சென்டிமீட்டர் உயரத்துக்கும் உட்பட்ட பிள்ளைகளுக்கு காரில் குழந்தை இருக்கை கட்டாயம். கூப்பிட வரும் கணவர் அதோடு வரட்டும், நீங்கள் இங்கிருந்து வாங்கிச் சுமக்க வேண்டாம்.

பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் நகல்களும், குழந்தையை அழைத்து வரச் சம்மதம் என்று கணவர் கையெழுத்திட்ட ஒரு கடிதமும் கையில் இருக்கட்டும். பல பயணங்களில் யாரும் கேட்கவே மாட்டார்கள், ஆனால் கேட்கிற அன்று தேட முடியாது. அப்புறம், இமிக்ரேஷன் வரிசை நீளமாக இருந்தால் கூச்சப்படாமல் அங்கே நிற்கும் ஊழியரிடம் "கைக்குழந்தை இருக்கிறது" என்று சொல்லுங்கள். என்னைப் பல முறை முன்னே விட்டிருக்கிறார்கள்.

கேள்வி: விமானம் இறங்கும்போது என் குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அலறுகிறாள். என்ன செய்வது? (வாசகி, ஈரோடு)

விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல் இருக்காது, 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல இருக்கும். ஊட்டி, கொடைக்கானல் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது அழுத்தம் மறுபடி கூடும், அது நடுக்காதுக்குள்ளும் சமமாக வேண்டும், அதற்கான குழாய் மூக்கின் பின்னால் திறக்கிறது. விழுங்கும்போதுதான் அது திறக்கும், குழந்தைகளுக்கு அது குறுகலானது, அதனால்தான் வலி. இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே விமானம் தாழ ஆரம்பித்துவிடும், பால் கொடுப்பதையோ தண்ணீர் உறிஞ்சக் கொடுப்பதையோ அப்போது தொடங்குங்கள். சக்கரம் தரையைத் தொடப் போகும்போது தொடங்கினால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். விமானம் தாழ ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால் வயிறு முட்டக் கொடுத்துவிட்டால் அந்த நேரத்தில் குடிக்க மாட்டாள், கவனம். தூக்கத்தில் விழுங்குவது குறையும், அதனால் சளி இருக்கும் நாளில் எழுப்பிவிடுவது நல்லது. காது வலி, சீழ், காய்ச்சல் இருந்தால் டாக்டரிடம் காட்டாமல் கிளம்பாதீர்கள்.

கேள்வி: ஸ்ட்ரோலர் எடுத்துப் போகலாமா? போன முறை போனபோது சக்கரம் உடைந்து வந்தது. (வாசகர், கோயம்புத்தூர்)

எனக்கும் வந்தது. இறங்கிய இடத்தில் குழந்தை அழுகிற அவசரத்தில் மடித்தபடியே காரில் போட்டு வந்துவிட்டேன், இரண்டு நாள் கழித்து விரித்துப் பார்த்தால் முன் சக்கரத்தின் தண்டு வளைந்திருந்தது. நிறுவனத்துக்குப் போன் மேல் போன் போட்டேன், போனில் சொன்னால் போதும் என்று நினைத்தேன். எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். சர்வதேசப் பயணத்தில் செக்-இன் சாமான் சேதமாகி வந்தால், கையில் வாங்கிய நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு கேட்க முடியாது. விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே அங்குள்ள கவுன்டரில் பதிந்துவிட்டால் இன்னும் நல்லது.

எடுத்துப் போகலாமா என்றால், மூன்று மணி நேரத்துக்கு மேல் விமான நிலையங்களில் நடக்கவோ காத்திருக்கவோ வேண்டியிருந்தால் எடுத்துப் போங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் இலவசமாகவே ஏற்றுக்கொள்கின்றன. செக்-இன்னில் போட்டுவிடாமல் கேட் வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே கொடுங்கள், அதற்கான டேக்கை செக்-இன் கவுன்டரிலேயே கேட்டு வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் கப் மாட்டுவது, முன் கம்பி, நிழல் துணி என்று கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றி உங்கள் பையில் வையுங்கள், நாடா போட்டு இறுக்கிக் கட்டுங்கள், போனில் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். அந்தப் போட்டோ இல்லாமல்தான் நான் வாதாடித் தோற்றேன்.

கேட்டில் கொடுத்தால் இறங்கியதும் விமான வாசலிலேயே கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். சில ஊர்களில் வாசலில் தருவார்கள், நம் ஊர் நிலையங்கள் பலவற்றில் பெல்ட்டில்தான் வரும். அதாவது இமிக்ரேஷன் முழுக்கக் குழந்தை உங்கள் மேல்தான். நெஞ்சில் மாட்டும் கேரியரோ நான் சொன்ன புடவையோ அதனால் அவசியம். துபாய், சிங்கப்பூர் சாங்கி போன்ற நிலையங்களில் உள்ளே பயன்படுத்த ஸ்ட்ரோலர் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள், அங்கே மாறிப் போகிறவர்கள் அதை நம்பலாம்.

கேள்வி: என் 4 வயதுப் பேரனைச் சிங்கப்பூரில் இருக்கும் என் மகளிடம் கொண்டுபோய் விட வேண்டும். மகளுக்கு இரண்டாவது பிரசவம் நடந்திருக்கிறது. பிரசவ லேகியம், பத்தியப் பொடி, சத்துமாவு எல்லாம் செய்து வைத்திருக்கிறேன். என்னென்ன கொண்டுபோகலாம்? (வாசகி, திருச்சி)

அம்மா, முதலில் கசகசாவை எடுத்து வெளியே வையுங்கள். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அதற்குத் தடை, போதைப் பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. நமக்கு அது குருமாவுக்கு அரைக்கிற சாமான், அங்கே அப்படி இல்லை. பொடியிலோ லேகியத்திலோ சேர்த்து அரைத்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், மகளுக்காக ஆசையாகச் செய்ததுதான், மனசு கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் 4 வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு சுங்க அதிகாரி முன்னால் நிற்கும் நிலை உங்களுக்கு வரக் கூடாது. சூயிங் கம்மும் அங்கே கொண்டுபோகக் கூடாது, பேரன் பாக்கெட்டைப் பார்த்துவிடுங்கள்.

கொப்பரைத் தேங்காய் விமானத்தில் கையிலும் சரி, பெட்டியிலும் சரி, கூடாது. அதில் இருக்கும் எண்ணெயால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். கற்பூரமும் அப்படித்தான், தீப்பெட்டியையும் பெட்டியில் வைக்காதீர்கள். லேகியம், நெய், நல்லெண்ணெய், ஊறுகாய் எல்லாம் செக்-இன் பெட்டிக்குள் போக வேண்டும், கைப்பையில் வைத்தால் திரவம் என்று எடுத்துவிடுவார்கள். வாயகன்ற டப்பாவில் போட்டு, மூடிக்குக் கீழே பாலிதீன் வைத்து இறுக்கி, மேலே டேப் ஒட்டி, இரண்டு கவருக்குள் போட்டு, துணிகளுக்கு நடுவில் நிறுத்தி வையுங்கள். பொடி ஒவ்வொன்றிலும் என்ன பொடி என்று ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள், பேர் தெரியாத பொடியைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

இதை ரொம்ப அழுத்திச் சொல்கிறேன்: பக்கத்து வீட்டுக்காரர், ஒன்றுவிட்ட தம்பி, ஏர்போர்ட்டில் பார்த்த நல்ல மனிதர், யார் கொடுத்தாலும் "இதை அங்கே ஒருத்தர் வந்து வாங்கிக்கொள்வார்" என்ற பார்சலை வாங்காதீர்கள். பெட்டிக்குள் இருப்பது எல்லாம் உங்களுடையது என்றுதான் சட்டம் பார்க்கும். சிங்கப்பூரில் போதைப் பொருள் கடத்தலுக்குத் தண்டனை என்ன என்று உங்களுக்கே தெரியும்.

பேரனுக்கு 4 வயது என்பதால் தனி டிக்கெட், அதனால் அவன் பேரிலும் செக்-இன் எடை கிடைக்கும், உங்களுக்கு அது லாபம். ஆனால் ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள், தூக்க முடியாத பெட்டி பெல்ட்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். தொங்கு தராசு ஒன்று வாங்கி வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துவிடுங்கள், ஏர்போர்ட் தரையில் பெட்டியைப் பிரித்து அடுக்குவது பேரன் ஓடும் நேரத்தில் ஆகாத காரியம். அவனுக்கு ஒரு சின்ன முதுகுப் பை கொடுங்கள், ஆனால் அதில் ஒரு காலி தண்ணீர் பாட்டிலும் ஒரு பொம்மையும் மட்டும், ஏனென்றால் பத்து நிமிடத்தில் அது உங்கள் தோளுக்கு வந்துவிடும்.

அப்பா அம்மா இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், அவர்கள் பாஸ்போர்ட் நகல், பேரனின் பிறப்புச் சான்றிதழ் நகல் மூன்றும் வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை, இறங்குவதற்கு முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், குழந்தைக்கும் சேர்த்து. மகளை நிரப்பச் சொல்லுங்கள். உங்களுக்கு முட்டி வலி இருந்தால் டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டு வாங்குங்கள், கூட வரும் ஊழியர் இமிக்ரேஷன் வரை வழி காட்டுவார். பேரனையும் பார்த்துக்கொண்டு வழியும் தேடுவதை விட அது எவ்வளவோ மேல்.

கேள்வி: 5 வயது மகனை ஒரு வரிசையிலும் எங்களை வேறு வரிசையிலும் போட்டுவிட்டார்கள். பக்கத்து இருக்கைக்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா? (வாசகர், திருவள்ளூர்)

வேண்டாம் தம்பி. 12 வயது வரை உள்ள குழந்தைக்கு, அதே பி.என்.ஆரில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒருவரின் பக்கத்திலாவது இருக்கை தர வேண்டும் என்று நம் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. அதனால் எல்லாருக்கும் ஒரே பி.என்.ஆரில் டிக்கெட் போடுங்கள், தனித்தனியாகப் போட்டால் இதைக் கேட்க முடியாது. செக்-இன் கவுன்டரிலேயே சொல்லுங்கள், விமானத்துக்குள் ஏறிய பிறகு சண்டை போட வேண்டியதில்லை.

இரட்டைக் குழந்தை வைத்திருக்கும் ஒரு வாசகியும் இதே மாதிரி கேட்டிருந்தார், கணவன் மனைவி இருவரும் மடியில் ஒவ்வொரு குழந்தையோடு பக்கத்தில் உட்கார விடவில்லை என்று. அது வேறு காரணம். மூன்று இருக்கை வரிசையில் பொதுவாக நான்கு ஆக்சிஜன் முகமூடிதான் இருக்கும், ஒரு மடிக்குழந்தைக்குத்தான் கணக்கு. ஆளுக்கு ஒரு பக்கமாக, நடைபாதையின் இரண்டு ஓரத்திலும் இருக்கை கேளுங்கள், கை எட்டும் தூரம்தான். பயணத்தின் நடுவில் குழந்தைக்கு 2 வயது முடிந்தால் திரும்பி வரும்போது தனி இருக்கை வாங்க வேண்டும் என்பதையும் டிக்கெட் போடும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தூங்க வைக்க சளி சிரப் கொடுக்கலாம் என்கிறார்களே? (வாசகி, நாகர்கோவில்)

கொடுக்காதீர்கள். தூக்கம் வரவைக்கும் சிரப் சில குழந்தைகளுக்கு நேர்மாறாகப் படபடப்பையும் அழுகையையும் கொடுக்கும், மூச்சு விடுவதையும் பாதிக்கலாம், 35,000 அடி உயரத்தில் டாக்டரைத் தேட முடியாது. உங்கள் குழந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்த காய்ச்சல் மருந்தும் அளக்கும் சிரிஞ்சும் கையில் இருக்கட்டும், அது போதும்.

கேள்வி: குழந்தையின் சாமான் முழுக்க இருந்த பெட்டி வரவே இல்லை. நான்கு நாள் கழித்து வந்தது. என்ன செய்திருக்க வேண்டும்? (வாசகி, தஞ்சாவூர்)

பெட்டி வரவில்லை என்று தெரிந்ததும், சுங்கத்தைத் தாண்டி வெளியே வருவதற்கு முன், அங்கேயே பி.ஐ.ஆர். என்ற சாமான் புகார்ப் படிவத்தை நிரப்பி எண்ணை வாங்க வேண்டும். அந்த எண் இல்லாமல் பிறகு எதையும் நிரூபிப்பது கஷ்டம். பெட்டி வரும் வரை வாங்கிய டயப்பர், பால் பவுடர், துணி எல்லாவற்றுக்கும் ரசீதை வைத்திருங்கள், அதைத்தான் நிறுவனத்திடம் கேட்க முடியும். தாமதத்துக்கான புகாரை, பெட்டி கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இந்தியா 2009-ல் சேர்ந்த மாண்ட்ரியல் உடன்படிக்கை சொல்லும் கணக்கு இது, சர்வதேசப் பயணத்துக்குப் பொருந்தும். உங்களுக்கு 21 நாள் தாண்டவில்லை என்றால் இன்றைக்கே எழுதுங்கள்.

அடுத்த முறை, குழந்தைக்கு ஒரு பெட்டி, உங்களுக்கு ஒரு பெட்டி என்று பிரிக்காதீர்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும், ஒரு பெட்டி தவறினால் ஒருவர் நிர்க்கதி. இரண்டிலும் இரண்டு பேர் துணியும் பாதிப் பாதி இருக்கட்டும். பவர் பேங்க் மட்டும் எந்தப் பெட்டியிலும் கூடாது, கைப்பையில்தான். பால் சூடாக்க பேட்டரியில் ஓடும் கருவி வைத்திருப்பவர்களும் அதில் லித்தியம் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட் ஹவர் வரை என்றால் பிரச்சினையில்லை, 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஏறக்குறைய 74 வாட் ஹவர்தான் வரும்.

கேள்வி: சென்னையிலிருந்து டெல்லி போகும்போது என் இரண்டரை வயது மகள் ஒரு மணி நேரம் அழுதாள். முன் இருக்கைக்காரர் "பிள்ளையை அடக்கத் தெரியாதவர்கள் ஏன் வருகிறீர்கள்" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். இனி விமானமே வேண்டாம் என்று தோன்றுகிறது. (வாசகி, சேலம்)

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. காது அடைத்து, தூக்கம் கெட்டு, ஓடக்கூடாது என்று கட்டிப்போட்ட இரண்டரை வயதுப் பிள்ளை அழத்தான் செய்யும், அவள் டிக்கெட் வாங்கி அவள் இருக்கையில் உட்கார்ந்துதான் அழுதிருக்கிறாள். அவர் பேசியதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

அடுத்த முறை சில விஷயங்களைச் செய்து பாருங்கள். குழந்தை உள்ளவர்களை முதலில் ஏறச் சொல்வார்கள். கணவர் பைகளோடு முதலில் ஏறி எல்லாவற்றையும் மேலே வைக்கட்டும், நீங்கள் மகளைக் கேட்டுக்குப் பக்கத்தில் நன்றாக ஓடவிட்டுக் கடைசியாக ஏறுங்கள், அரை மணி நேரம் கட்டிப்போடுவது மிச்சமாகும். பின் பக்கத்து வரிசையில் இருக்கை வாங்குங்கள், எழுந்து நடக்கவும் கழிவறைக்குப் போகவும் எளிது. அவள் முன்பின் பார்க்காத நாலைந்து சின்னப் பொருட்களைப் பேப்பரில் சுற்றி எடுத்துப் போங்கள், ஒரு டேப் சுருள், பழைய பர்ஸ், ஸ்டிக்கர் தாள், மணி மாலை. முக்கால் மணி நேரத்துக்கு ஒன்று, பிரிப்பதிலேயே பாதி நேரம் போகும். போனில் பார்க்க ஏதாவது வேண்டுமென்றால் முன்பே டவுன்லோடு செய்து, கடைசி ஆயுதமாக வைத்திருங்கள்.

என் மகள் ஒன்றரை வயதில் ஃபிராங்ஃபர்ட் விமானத்தில் நடு இரவில் அழ ஆரம்பித்தாள், நான் நடைபாதையில் நடந்து நடந்து கால் வலித்து உட்கார்ந்தபோது, பக்கத்தில் இருந்த வயதான ஜெர்மானியப் பெண்மணி ஒன்றும் பேசாமல் தன் பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். ஏழெட்டுச் சாவி, ஒரு சின்ன மர யானை. மகள் அதை இறங்கும் வரை விடவில்லை. அவரும் கேட்கவில்லை. எங்களோடு இமிக்ரேஷன் வரிசையில் நின்று, பெல்ட் வரை நடந்து வந்து, என் பெட்டியையும் இறக்கிக் கொடுத்து, தோளில் அவள் தூங்கிக் கை தளர்ந்த பிறகுதான் சாவியை மெதுவாக எடுத்துக்கொண்டு போனார்.